ரெட்ஷிஃப்ட் கிளஸ்டர் வேலைகள ஆட்டோமேட் பண்றது: எத முதல்ல, எத மெதுவா, எத வேண்டவே வேண்டாம்

டேட்டா வேர்ஹவுஸ் கிளஸ்டர் (பெரிய டேட்டாவ சேத்து வச்சு அலச பல மெஷின் ஒண்ணா ஓடுற செட்டப், ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட்) ஓடுற டீம்ல எல்லாம் ஒருத்தர் மாட்டிக்கிட்டு இருப்பார், சாயங்காலம் கிளம்புறப்ப டெவ் கிளஸ்டர (டெவலப்பருங்க சோதிச்சுப் பாக்குறது) நிறுத்தணும், காலைல எல்லாரும் லாகின் பண்றதுக்கு முன்னாடி எழுப்பணும், பழைய ஸ்நாப்ஷாட் (பேக்கப் காப்பி) குப்பையா சேந்துபோச்சான்னு பாக்கணும், நடுவுல யாரோ ஜாயின் கண்டிஷன (ரெண்டு டேபிள எத வச்சு இணைக்கணும்ங்குறது) மறந்துட்டு எழுதுன க்வெரி மொத்த க்யூவையும் அடச்சா அத தேடிப்பிடிச்சு கொல்லணும். இதுல ஒண்ணு கூட மனுஷன் உக்காந்து செய்யவேண்டிய வேலை கிடையாது. இங்க அமேசானோட கிளவுட்ல (ஏடபிள்யூஎஸ்) ஓடுற டேட்டா வேர்ஹவுஸான ரெட்ஷிஃப்ட வச்சு சொல்றேன், அதுலயும் நோட் எண்ணிக்கைய நீங்களே முடிவு பண்ற ப்ரொவிஷன்டு கிளஸ்டர் பத்தி மட்டும்தான். ஸ்நோஃப்ளேக் ஆளுங்க ஆட்டோ சஸ்பெண்ட்னு ஒரே ஒரு செட்டிங்ல இதுல பாதிய முடிச்சிடுவாங்க, பிக்வெரில நிறுத்துறதுக்கு கிளஸ்டரே கிடையாது. ரெட்ஷிஃப்ட்காரங்களுக்குத்தான் இந்த கஷ்டம்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். கமாண்ட டைமுக்கு அனுப்பி வைக்கிறது அரை மணி நேர வேலை, அத யார் வேணாலும் செட் பண்ணிடலாம். அனுப்புறதுக்கு முன்னாடி கிளஸ்டர்கிட்ட என்ன கேட்டுக்கணும், அனுப்புனது நடக்கலன்னா யாருக்கு தகவல் போகணும், இந்த ரெண்டுலதான் உழைப்பு முழுக்க போகும். அதனால கீழ இருக்குறதுல பெரும்பகுதி அத பத்தித்தான்.

முதல்ல காசு கணக்கு, ஏன்னா இத மேனேஜர்கிட்ட காட்டுனாத்தான் மத்ததுக்கு டைம் கிடைக்கும். வர்ஜீனியா ரீஜன்ல ஆர்ஏ3 எக்ஸ்எல்பிளஸ் நோட் ஒண்ணு ஆன்-டிமாண்ட்ல (ஓடுன நேரத்துக்கு மட்டும் காசு) மணிக்கு 1.086 டாலர். 4 நோட்டுன்னா 4.344. வாரத்துக்கு 168 மணி நேரம், நிறுத்தாம ஓடுனா கிட்டத்தட்ட 730 டாலர். அதே கிளஸ்டர் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் காலைல 8 டு நைட் 8 மட்டும் ஓடுனா 60 மணி நேரம், சுமார் 261 டாலர். ஒரு டெவ் கிளஸ்டர்ல மட்டும் வாரத்துக்கு 469 டாலர் மிச்சம். மும்பை ரேட் வேற, உங்க ரீஜன் ரேட்ட போட்டு பாத்துக்குங்க. பாஸ் (pause, தற்காலிகமா நிறுத்துறது) பண்ணி வச்சாலும் ஸ்டோரேஜுக்கு காசு ஓடிட்டேதான் இருக்கும், வர்ஜீனியால ஒரு ஜிபிக்கு மாசம் 0.024 டாலர், ரெண்டு டிபி டேட்டான்னா 49 டாலர் சொச்சம், அது பெரிய விஷயமில்ல. பெரிய விஷயம் என்னன்னா நீங்க ரிசர்வ்டு நோட் (நீண்ட காலத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டது) வாங்கி வச்சிருந்தா பாஸ் பண்ணி ஒரு பைசா மிச்சமாகாது, காசு ஏற்கனவே கட்டியாச்சு. நிறைய பேர் இத பாக்காமலே ஸ்கிரிப்ட் எழுத உக்காந்துடறாங்க. பில்லிங் பேஜ திறந்து எந்த கிளஸ்டர் எதுல ஓடுதுன்னு பாத்துட்டு அப்புறம் வாங்க.

நிறுத்துறதும் எழுப்புறதும்

பாஸ், ரெஸ்யூம் ரெண்டும் ரெட்ஷிஃப்ட்ல 2020 மார்ச்லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஸ்நாப்ஷாட் எடுத்து கிளஸ்டரயே டிலீட் பண்ணிட்டு காலைல ரீஸ்டோர் பண்ற கூத்துதான். இப்ப கன்சோல்லயே ஷெட்யூல்டு ஆக்ஷன்னு ஒண்ணு இருக்கு, பாஸ், ரெஸ்யூம் (திரும்ப எழுப்புறது), ரீசைஸ் (நோட் எண்ணிக்கைய மாத்துறது) மூணையும் அதுல டைம் போட்டு வைக்கலாம். அதுக்கு ஒரு ஐஏஎம் ரோல் (எத செய்ய அனுமதின்னு சொல்ற ஏடபிள்யூஎஸ் அடையாளம்) வேணும், அந்த ரோல்ல பாஸ் கிளஸ்டர், ரெஸ்யூம் கிளஸ்டர், ரீசைஸ் கிளஸ்டர்னு மூணு பர்மிஷன், ட்ரஸ்ட் பாலிசில (இந்த ரோல யார் எடுத்துக்கலாம்ங்குற இடம்) ஷெட்யூலர் டாட் ரெட்ஷிஃப்ட் டாட் அமேசான்ஏடபிள்யூஎஸ் டாட் காம். இந்த ட்ரஸ்ட்ட மறந்துட்டா ஷெட்யூல் என்னமோ அழகா உருவாகிடும், ஆனா டைம் வந்ததும் ஒண்ணும் நடக்காது. ரோல்ல ரிசோர்ஸ் இடத்துல ஸ்டார் போடாதீங்க, டெவ் கிளஸ்டர்களோட ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ல ஒவ்வொண்ணுக்கும் இருக்குற முழு அடையாளப் பேர்) மட்டும் போடுங்க, பேர் எல்லாம் டெவ்னு ஆரம்பிக்கிற மாதிரி வச்சிருந்தா ஒரே வரில முடிஞ்சிடும். ப்ரொடக்ஷன் கிளஸ்டர (நிஜ வேலை ஓடுறது) நிறுத்துற அதிகாரமே இந்த ரோலுக்கு இருக்கக்கூடாது, அப்பத்தான் யாராவது பேர மாத்தி டைப் பண்ணாலும் நிம்மதி.

டைம் எழுதுறதுல ரெண்டு குழி இருக்கு. இந்த ஷெட்யூல் முழுக்க யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடும், நம்ம டைம்ல இருந்து அஞ்சரை மணி நேரம் கழிக்கணும். காலைல 8 மணிக்கு எழுப்ப க்ரான் எக்ஸ்ப்ரஷன் (எப்பெப்ப ஓடணும்னு சொல்ற குறியீடு) 30 2 ? * 2-6 *, நைட் 8 மணிக்கு நிறுத்த 30 14 ? * 2-6 *. முதல்ல நிமிஷம், அப்புறம் மணி, தேதி, மாசம், கிழமை, வருஷம். லினக்ஸ் க்ரான்ல பழகுன கை இங்க தப்பு பண்ணும், அங்க 1-ன்னா திங்கள், ஏடபிள்யூஎஸ்ல 1-ன்னா ஞாயிறு, அதனாலதான் 2-6 போட்டிருக்கேன். தேதி இடத்துலயோ கிழமை இடத்துலயோ ஏதாவது ஒண்ணுல கேள்விக்குறி இருக்கணும், ரெண்டுலயும் ஸ்டார் போட்டா ஏத்துக்காது. இன்னொரு குழி விடியக்காலை டைம்ல. திங்கட்கிழமை காலைல 5 மணிக்கு எழுப்பணும்னா அது யூடிசில ஞாயித்துக்கிழமை நைட் 23:30, கிழமைய ஒண்ணு பின்னாடி தள்ளலன்னா திங்கள் காலைல கிளஸ்டர் தூங்கிட்டு இருக்கும், சனிக்கிழமை காலைல யாருமில்லாத ஆபீஸ்ல அது மட்டும் முழிச்சிட்டு இருக்கும்.

இந்த தலைவலியே வேண்டாம்னா ஏடபிள்யூஎஸ்ஸோட இன்னொரு ஷெட்யூலரான ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர் எடுத்துக்குங்க, 2022 நவம்பர்ல வந்தது. டைம் ஸோன் இடத்துல ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தான்னு போட்டுட்டு நம்ம கடிகாரத்துலயே எழுதலாம். லாம்டா (சர்வர் இல்லாம ஓடுற சின்ன ஃபங்ஷன்) ஒண்ணு கூட எழுதாம நேரா ரெட்ஷிஃப்ட்டோட பாஸ் கிளஸ்டர் ஏபிஐய கூப்பிடவும் அதுக்கு தெரியும், யுனிவர்சல் டார்கெட்னு பேரு. ஒரே ஒரு கிளஸ்டர், அதுவும் டெவ்னா ஷெட்யூல்டு ஆக்ஷனே போதும். மூணு நாலு ஆயிடுச்சுன்னா நான் ஈவென்ட்பிரிட்ஜ் பக்கம்தான் போவேன், ஏன்னா அடுத்து சொல்லப்போற செக்க ஷெட்யூல்டு ஆக்ஷனுக்குள்ள சொருக முடியாது.

நிறுத்துறதுக்கு முன்னாடி கேளுங்க

பாஸ் கமாண்ட் போனதும் ரெட்ஷிஃப்ட் ஒரு ஸ்நாப்ஷாட் எடுக்கும், ஓடிட்டு இருக்குற க்வெரி எல்லாத்தையும் நிறுத்திடும். யாராவது உள்ள இருக்காங்களான்னு அது கேக்காது. நைட் 8 மணிக்கு ஒருத்தர் மூணு மணி நேரமா ஓடுற லோடோட கடைசி கட்டத்துல இருப்பார், குளிச்சிட்டு இருக்கவர் தலைல சோப்போட நிக்கும்போது மோட்டார் ஸ்விட்ச ஆஃப் பண்ண கதைதான். அதனால நேரா பாஸ் பண்ணாம நடுவுல ஒரு கேள்வி வைக்கணும்.

அந்த கேள்விய எத வச்சு கேக்குறதுங்குறதுலதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. சிபியு கம்மியா இருந்தா யாரும் இல்லன்னு எடுத்துக்காதீங்க, லாக்குக்காக காத்துட்டு இருக்குற க்வெரிக்கு சிபியு தேவையே இல்ல. டேட்டாபேஸ் கனெக்ஷன்ஸ் மெட்ரிக்கும் உதவாது, பிஐ டூல் (ரிப்போர்ட், டேஷ்போர்டு போடுறது) எல்லாம் சும்மா பத்து இருபது கனெக்ஷன திறந்து வச்சிக்கிட்டே இருக்கும், அது பூஜ்யத்துக்கு வரவே வராது, கிளஸ்டர் நிக்கவே நிக்காது. நேரா க்வெரிங்களயே எண்ணுங்க. எஸ்ஒய்எஸ் க்வெரி ஹிஸ்டரி வியூல ஸ்டேட்டஸ் ரன்னிங்னு இருக்கறதயும் க்யூல நிக்கறதயும் சேத்து எண்ணலாம், இல்லன்னா பழைய எஸ்டிவி இன்ஃப்ளைட்டும் இருக்கு. நீங்க எண்ணுறதுக்கு அனுப்புற க்வெரியும் அந்த லிஸ்ட்ல வரும், அத கழிச்சிடுங்க, மறந்தா எப்பவும் ஒண்ணு ஓடிட்டே இருக்குற மாதிரி காட்டும்.

இதவிட மோசமான ஒண்ணு இருக்கு. இந்த சிஸ்டம் வியூல எல்லாம் சாதாரண யூசருக்கு அவரோட க்வெரி மட்டும்தான் தெரியும், மத்தவங்களது தெரியாது. ஆட்டோமேஷனுக்குனு பாவம் ஒரு குட்டி யூசர் உருவாக்கி, பாதுகாப்பா இருக்கட்டும்னு எந்த பர்மிஷனும் குடுக்காம விட்டீங்கன்னா அவன் எப்ப பாத்தாலும் "யாரும் இல்ல, பூஜ்யம்"னுதான் சொல்வான், எரர் கூட வராது, கிளஸ்டர் நல்ல பிள்ளையா தினமும் எல்லாரோட க்வெரியையும் கொன்னுட்டு நிக்கும். சூப்பர்யூசர் ஆக்கவேண்டியதில்ல, எஸ்ஒய்எஸ் மானிட்டர்னு ரெடிமேடா ஒரு ரோல் இருக்கு, அத குடுங்க, இல்லன்னா ஆல்டர் யூசர்ல சிஸ்லாக் ஆக்ஸஸ் அன்ரெஸ்ட்ரிக்டட்னு குடுக்கலாம். குடுத்துட்டு வேற யூசர்ல ஒரு பெரிய க்வெரிய ஓட விட்டு இவன் அத பாக்குறானான்னு ஒரு தடவ கண்ணால பாத்துடுங்க.

இந்த எண்ணுற க்வெரிய அனுப்ப ரெட்ஷிஃப்ட்லயே டேட்டா ஏபிஐ இருக்கு, 2020 செப்டம்பர்ல வந்தது. கனெக்ஷன் ஸ்ட்ரிங், டிரைவர், விபிசிக்குள்ள (உங்க தனி நெட்வொர்க்) லாம்டாவ வைக்கிறதுன்னு ஒண்ணும் வேண்டாம், எக்ஸிக்யூட் ஸ்டேட்மென்ட்னு கூப்பிட்டா ஒரு ஐடி குடுக்கும், அந்த ஐடிய வச்சு முடிஞ்சுதான்னு திரும்ப கேட்டுக்கணும். பாஸ்வேர்ட சீக்ரெட்ஸ் மேனேஜர்ல வைக்கலாம், இல்ல ஐஏஎம் வழியா டெம்பரவரி க்ரெடன்ஷியல் வாங்கிக்கலாம், ரெண்டாவதுதான் எனக்கு பிடிக்கும், ரொட்டேட் பண்ண ஒண்ணும் இல்ல.

இத எல்லாம் ஒரே லாம்டாக்குள்ள ஸ்லீப் போட்டு லூப் ஓட்டாதீங்க. லாம்டாக்கு அதிகபட்சம் 15 நிமிஷம்தான், பாஸே பொதுவா 15 நிமிஷத்துக்குள்ள முடியும்னு சொன்னாலும் பெரிய கிளஸ்டர்ல அத நம்பி உக்கார முடியாது. ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் (வேலைகள படிப்படியா வரிசையா ஓட்டுற ஏடபிள்யூஎஸ் சர்வீஸ்) இதுக்கு கச்சிதமா இருக்கும், 2021-ல இருந்து அதுவே நேரா ஏடபிள்யூஎஸ் ஏபிஐ எல்லாத்தையும் கூப்பிடும், கோடே எழுதவேண்டாம். போற வழி இப்படி: டிஸ்க்ரைப் கிளஸ்டர்ஸ் கூப்பிட்டு கிளஸ்டர் அவைலபிள் ஸ்டேட்ல இருக்கான்னு பாரு, ரீசைஸிங், மாடிஃபையிங் மாதிரி வேற எதுலயாவது இருந்தா தொடாத, ஏற்கனவே பாஸ்டுன்னா எரர் அடிக்காம சமத்தா வெளிய வந்துடு. அவைலபிள்னா க்வெரி எண்ணிக்கைய கேளு, பூஜ்யம்னா பாஸ் பண்ணு, இல்லன்னா 15 நிமிஷம் வெயிட் பண்ணிட்டு திரும்ப கேளு. எத்தனை தடவ கேக்கணும்ங்குறதுக்கு ஒரு வரம்பு வைங்க, 8 தடவ கேட்டும் ஆள் இருந்தா நிறுத்தாம விட்டுட்டு டீமோட சாட் சேனல்ல ஒரு மெசேஜ் போடட்டும், எந்த யூசர், எவ்வளவு நேரமா ஓடுதுன்னு. அந்த மெசேஜே பாதி பிரச்சனைய தீத்துடும், மறந்துபோய் விட்ட க்வெரின்னா அவரே வந்து கேன்சல் பண்ணிடுவார்.

காலைல எழுப்புறதுலயும் இதே மாதிரிதான், ரெஸ்யூம் கூப்பிட்டதோட வேலை முடியல, அவைலபிள்னு வர்ற வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவ கேட்டுட்டு, வந்ததும் செலக்ட் 1 ஒண்ணு ஓட்டி பதில் வருதான்னு பாத்துட்டு அப்புறம்தான் ரெடின்னு சொல்லணும். ஏர்ஃப்ளோ (டேட்டா வேலைகள வரிசைப்படுத்தி ஓட்டுற டூல்) வச்சிருந்தா இன்னும் சுலபம், அமேசான் ப்ரொவைடர் பேக்கேஜ்லயே ரெஸ்யூம் ஆபரேட்டர், பாஸ் ஆபரேட்டர், கிளஸ்டர் சென்சார் மூணும் ரெடியா இருக்கு, லோட் ஜாபுக்கு முன்னாடி ரெஸ்யூம், சென்சார், அப்புறம் ஜாப்னு கோத்துடலாம். எழுந்ததும் முதல் சில க்வெரி மெதுவாத்தான் வரும், கேஷ் எல்லாம் காலியா இருக்கும், அதனால 9 மணிக்கு டேஷ்போர்டு வேணும்னா 8 மணிக்கே எழுப்பிட்டு முக்கியமான ரெண்டு மூணு க்வெரிய நீங்களே ஓட விட்டுடுங்க. பொங்கல், தீபாவளி லீவுக்கு தனியா ஒரு லிஸ்ட் வச்சு அன்னைக்கு எழுப்பாம விடலாம், அது உங்க இஷ்டம், நாலஞ்சு நாளுக்காக அவ்வளவு மெனக்கெடணுமான்னு எனக்கு எப்பவும் சந்தேகம்தான்.

தூங்கும்போது எதெல்லாம் நின்னுபோகும்

இது ரொம்ப பேர் யோசிக்காத இடம். பாஸ்ல இருக்குற கிளஸ்டர்ல ஷெட்யூல் பண்ண வேலை எதுவும் நடக்காது, ஸ்நாப்ஷாட் ஷெட்யூல், ரீசைஸ், மெயின்டெனன்ஸ் எல்லாம் சேத்துத்தான். மெயின்டெனன்ஸ் விண்டோ வாரத்துக்கு ஒரு 30 நிமிஷம், நீங்க எதுவும் சொல்லலன்னா அதுவே ஒரு நேரத்த எடுத்துக்கும், அது பெரும்பாலும் நைட்லதான் போய் விழும். தினமும் நைட் நிறுத்துனா அந்த விண்டோ வரும்போதெல்லாம் கிளஸ்டர் தூங்கிட்டு இருக்கும். அதனால டெவ் கிளஸ்டருக்கு விண்டோவ பகல்ல, சாப்பாட்டு நேரத்துல கொண்டு வந்து வைங்க.

வேக்யூம் (டிலீட் ஆன இடத்த மீட்டு டேபிள வரிசைப்படுத்துறது), அனலைஸ் (டேபிளோட புள்ளிவிவரத்த புதுப்பிக்கிறது) விஷயமும் அதே. ரெட்ஷிஃப்ட் இதெல்லாம் தானா பண்ணிக்கும், ஆனா கிளஸ்டர்ல லோடு கம்மியா இருக்குற நேரமா பாத்துத்தான் பண்ணும். நீங்க லோடு கம்மியான நேரத்தையெல்லாம் பாஸ் பண்ணி எடுத்துட்டீங்கன்னா அது எப்ப பண்ணும் பாவம். பகல் முழுக்க பிஸியா இருக்குற கிளஸ்டர்னா பாஸுக்கு முன்னாடி ஒரு ஸ்டெப் சேருங்க, எஸ்விவி டேபிள் இன்ஃபோ வியூல அன்சார்ட்டட், ஸ்டாட்ஸ் ஆஃப்னு ரெண்டு காலம் (column) இருக்கு, அதுல மேல இருக்குற சில டேபிளுக்கு மட்டும் வேக்யூமும் அனலைஸும் ஓட்டுங்க. எல்லா டேபிளுக்கும் கண்ண மூடிட்டு ஓட்டவேண்டாம், ஒரு நேரத்துல ஒரு கிளஸ்டர்ல ஒரு வேக்யூம்தான் ஓடும், க்யூல நின்னு விடிஞ்சிடும். டேட்டா ஏபிஐல பேட்ச்சா அனுப்புற வசதி இருக்குன்னு எல்லா வேக்யூமையும் அதுல போட்டு அனுப்பாதீங்க, பேட்ச் முழுக்க ஒரே ட்ரான்ஸாக்ஷனா ஓடும், வேக்யூம் ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள ஓடாது, தனித்தனியாத்தான் அனுப்பணும்.

அலாரம். பாஸ்ல இருக்கும்போது ஹார்டுவேர் மெட்ரிக் எதுவும் வராது, கிளவுட்வாட்ச்ல (ஏடபிள்யூஎஸ்ஸோட கண்காணிப்பு சர்வீஸ்) மிஸ்ஸிங் டேட்டாவ பிரீச்சிங்னு (டேட்டா வரலன்னாலே பிரச்சனைன்னு எடுத்துக்குறது) வச்சிருந்தா நைட் 8:15-க்கு ஆன்-கால் ஆளோட போன் அலறும். அதுக்குன்னு எல்லாத்தையும் நாட் பிரீச்சிங்னு மாத்திட்டா ப்ரொடக்ஷன் செத்தாலும் சத்தம் வராது. டெவ்ல மட்டும் மாத்துங்க, ப்ரொடக்ஷன் அலாரத்த தொடாதீங்க. டெவ்வுக்கு பதிலா காலைல 8:40-க்கு ஒரு தனி செக், கிளஸ்டர் அவைலபிளா இல்லயான்னு மட்டும், இல்லன்னா மெசேஜ். இந்த ஒரு செக் வேற ஷெட்யூலர்ல, வேற ரோல்ல ஓடட்டும், ஏன்னா எழுப்புற ஷெட்யூலே உடைஞ்சிருந்தா அதுக்குள்ளயே இருக்குற செக்கும் சேந்து உடைஞ்சிருக்கும்.

ரீசைஸ ஆட்டோமேட் பண்ணணுமா

என்னக் கேட்டா பெரும்பாலான இடத்துல வேண்டாம். மாசக் கடைசில லோடு ஏறும், அப்ப 4 நோட்ட 8 ஆக்கிட்டு அப்புறம் குறைக்கலாம்னு எல்லாருக்கும் தோணும். ரீசைஸ்ல ரெண்டு வகை, வேகமான எலாஸ்டிக், மெதுவான கிளாசிக். எலாஸ்டிக் ரீசைஸ் சராசரியா 10-15 நிமிஷத்துல முடியும், அந்த நேரத்துல கொஞ்ச நேரம் கிளஸ்டர் ரீட் ஒன்லிக்கு போகும், அதனால லோட் ஜாப் நடுவுல இத விடக்கூடாது. கிளாசிக் ரீசைஸ் மணிக்கணக்குல, டேட்டா நிறைய இருந்தா நாள்கணக்குல கூட இழுக்கும், அத ஷெட்யூல்ல போடுறத யோசிக்கவே வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவ, தேதி தெரிஞ்ச லோடுன்னா ஷெட்யூல்டு ஆக்ஷன்ல எலாஸ்டிக் ரீசைஸ் போடுங்க, சரி. ஆனா சிபியு 80 தாண்டுனா ரீசைஸ் பண்ணு, இறங்குனா குறைன்னு லாம்டா எழுதுறவங்க எல்லாம் ஒரு கெட்ட க்வெரிக்காக கிளஸ்டர பெருசாக்கிட்டு இருப்பாங்க.

நிறைய பேர் ஒரே நேரத்துல க்வெரி அடிக்கிறதால க்யூ நீளுதுன்னா அதுக்கு கன்கரன்சி ஸ்கேலிங் இருக்கு. க்யூவுக்கு அத ஆட்டோன்னு மாத்திட்டா தேவப்படும்போது கூடுதல் கிளஸ்டர அதுவே எடுத்துக்கும். மெயின் கிளஸ்டர் 24 மணி நேரம் ஓடுனா ஒரு மணி நேரம் இலவச க்ரெடிட் சேரும், 30 மணி நேரம் வரைக்கும் சேத்து வச்சிக்கலாம். அதுக்கு மேல போனா காசு, அதனால யூசேஜ் லிமிட் கட்டாயம் வைங்க, நாளைக்கு இவ்வளவு, மாசத்துக்கு இவ்வளவுன்னு, தாண்டுனா லாக் பண்ணவும் சொல்லலாம், அந்த வசதியவே அணைக்கவும் சொல்லலாம். ஸ்பெக்ட்ரம் (எஸ்3 ஸ்டோரேஜ்ல இருக்குற ஃபைல நேரா க்வெரி பண்ற வசதி) யூஸ் பண்றவங்க அதுக்கும் இதே மாதிரி லிமிட் வைக்கணும், வர்ஜீனியா ரீஜன்ல ஸ்கேன் பண்ற ஒரு டிபிக்கு 5 டாலர், பார்ட்டிஷன் ஃபில்டர் இல்லாம ஒருத்தர் செலக்ட் ஸ்டார் அடிச்சா மாசக் கடைசிலதான் தெரியவரும்.

கெட்ட க்வெரிங்கள அதுவே பிடிக்கட்டும்

க்வெரிய தேடி கொல்ற வேலைக்கு ஸ்கிரிப்ட் எழுதாதீங்க, டபிள்யூஎல்எம்குள்ளயே (க்வெரி க்யூவ நிர்வகிக்கிற ரெட்ஷிஃப்ட் பகுதி) க்வெரி மானிட்டரிங் ரூல் இருக்கு. எக்ஸிக்யூஷன் டைம், ஸ்கேன் பண்ண ரோ எண்ணிக்கை, நெஸ்டட் லூப் ஜாயின்ல (ஒவ்வொரு ரோவையும் மத்த டேபிளோட எல்லா ரோவோடயும் ஒப்பிடுறது) வர்ற ரோ எண்ணிக்கை இதெல்லாம் வச்சு ரூல் எழுதலாம், ஒரு ரூல்ல மூணு கண்டிஷன் வரைக்கும், மொத்தமா 25 ரூல். 10 செகண்டுக்கு ஒரு தடவ அது செக் பண்ணும். நெஸ்டட் லூப் ரூல்தான் முதல் ரூலா இருக்கணும்னு அடிச்சு சொல்வேன், ஜாயின் கண்டிஷன மறந்த க்வெரி 99 சதவீதம் அதுலதான் மாட்டும், இந்த 99 ஒரு பேச்சுக்கு. முதல்ல எல்லா ரூலையும் லாக் ஆக்ஷன்ல வைங்க, ரெண்டு வாரம் எஸ்டிஎல் டபிள்யூஎல்எம் ரூல் ஆக்ஷன் டேபிள பாருங்க, யார் யார் மாட்டுறாங்கன்னு. எஸ்டிஎல் டேபிள் எல்லாம் 7 நாள் வரைக்கும்தான் வச்சிருக்கும், அதனால பாக்குற காலத்துல வாரத்துக்கு ஒரு தடவ வேற டேபிளுக்கு எடுத்து வச்சிக்குங்க. ஃபைனான்ஸ் டீமோட மாசாந்திர ரிப்போர்ட் அதுல மாட்டலன்னு உறுதி ஆனதுக்கு அப்புறம் அபார்ட்டுக்கு (க்வெரிய நிறுத்திடுறது) மாத்துங்க.

இந்த ரூல் எல்லாம் பேராமீட்டர் குரூப்லதான் (கிளஸ்டரோட செட்டிங் தொகுப்பு) உக்காரும். டீஃபால்ட் பேராமீட்டர் குரூப்ப எடிட் பண்ண முடியாது, புதுசா ஒண்ணு உருவாக்கி கிளஸ்டருக்கு மாட்டணும், மாட்டுனா ஒரு ரீபூட் தேவை. அத ஒரு தடவ செஞ்சிட்டா அப்புறம் ரூல் மாத்துறதுக்கு ரீபூட் வேண்டாம். அதனால புது கிளஸ்டர் உருவாக்கும்போதே தனி பேராமீட்டர் குரூப்போட உருவாக்குறது நல்ல பழக்கம்.

ஸ்நாப்ஷாட்

ஆட்டோமேட்டட் ஸ்நாப்ஷாட் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவ, இல்லன்னா நோட்டுக்கு 5 ஜிபி டேட்டா மாறுனா, எது முன்னாடி வருதோ அதுக்கு எடுக்கும். வச்சிருக்குற காலம் டீஃபால்ட்டா ஒரே ஒரு நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ டேபிள ட்ராப் பண்ணி திங்கட்கிழமைதான் தெரிஞ்சா அவ்வளவுதான். 35 நாள் வரைக்கும் வைக்கலாம், ப்ரொடக்ஷன்ல குறைஞ்சது 7 வைங்க. மேனுவல் ஸ்நாப்ஷாட் இதுக்கு நேர் எதிர், ரிட்டென்ஷன் குடுக்கலன்னா என்னைக்கும் போகாது, கிளஸ்டர டிலீட் பண்ணாலும் இருக்கும், காசு ஏறிட்டே இருக்கும். ஸ்கிரிப்ட்ல எடுக்குற ஒவ்வொரு மேனுவல் ஸ்நாப்ஷாட்டுக்கும் ரிட்டென்ஷன் நாள் குடுத்துடுங்க, அப்புறம் பழசு துடைக்கிற ஜாப் தனியா எழுதவேண்டிய அவசியமே வராது.

வேற ரீஜனுக்கு காப்பி போடுறது ஒரே செட்டிங்தான், மும்பைல இருந்து ஹைதராபாத்துக்கு போடலாம், டேட்டா நாட்டுக்குள்ளயே இருக்கும். கேஎம்எஸ் கீ (என்க்ரிப்ஷன் சாவி) போட்ட கிளஸ்டர்னா காப்பி போய்ச் சேர்ற ரீஜன்ல ஸ்நாப்ஷாட் காப்பி க்ரான்ட் ஒண்ணு முன்னாடியே உருவாக்கணும். மாசத்துக்கு ஒரு தடவ ஸ்நாப்ஷாட்ல இருந்து சின்னதா ஒரு கிளஸ்டர ரீஸ்டோர் பண்ணி, பத்து முக்கிய டேபிளோட ரோ கவுண்ட்ட ஒப்பிட்டு பாத்துட்டு டிலீட் பண்ற ஜாப் எழுதுங்க, எழுதும்போது டிலீட்ட முதல்ல எழுதுங்க. நடுவுல எந்த ஸ்டெப் ஃபெயில் ஆனாலும் அது ஓடுற மாதிரி ஸ்டெப் ஃபங்ஷன்ஸோட கேட்ச்ல போட்டு வைங்க, இல்லன்னா பரிசோதனைக்கு எழுப்புன கிளஸ்டர் மாசம் முழுக்க ஓடும். டிலீட் பண்ற ரோலுக்கு ரீஸ்டோர் டெஸ்ட்னு பேர் ஆரம்பிக்கிற கிளஸ்டர் மேல மட்டும்தான் அதிகாரம்.

டெராஃபார்மோட சண்டை

இதெல்லாம் டெராஃபார்ம்ல (கிளவுட் செட்டப்ப ஃபைலா எழுதி உருவாக்குற டூல்) எழுதி வச்சிருந்தா ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. மாசக் கடைசில ஷெட்யூல் 4 நோட்ட 8 ஆக்கியிருக்கும், அன்னைக்குன்னு பாத்து ஒருத்தர் சம்பந்தமே இல்லாத டேக் ஒண்ண மாத்த அப்ளை அடிப்பார், ஃபைல்ல 4-ன்னு இருக்குறதால டெராஃபார்ம் அத 4-க்கே இறக்கிடும். நோட் எண்ணிக்கைய லைஃப்சைக்கிள் ப்ளாக்ல இக்னோர் சேஞ்சஸ்ல போடுங்க. ப்ரொடக்ஷனுக்கு ப்ரிவென்ட் டெஸ்ட்ராய் போடுங்க. பாஸ்ல இருக்குற கிளஸ்டர மாடிஃபை பண்ண முடியாதுங்குறதால நைட் ஓடுற பைப்லைன் அப்ளைல உடையும், அந்த பைப்லைன பகலுக்கு மாத்துறதுதான் சுலபமான வழி.

கடைசியா, எப்படி ஆரம்பிக்கிறது. முதல் ரெண்டு வாரம் பாஸ் ஸ்டெப்ப எடுத்துட்டு மத்த எல்லாத்தையும் ஓட்டுங்க, "இப்ப நிறுத்தியிருப்பேன்", "இவர் இருக்கார், நிறுத்தியிருக்க மாட்டேன்"னு சேனல்ல மெசேஜ் மட்டும் போடட்டும். டீம் அத பாத்து பழகிடும், தப்பா சொல்லுச்சுன்னா அவங்களே வந்து சொல்வாங்க. அப்புறம் டெவ்வுல ஒண்ணே ஒண்ணுக்கு நிஜமா இறக்குங்க. எல்லாருக்கும் ஒரு தப்பிக்கிற வழியும் குடுக்கணும், கிளஸ்டர்ல கீப்-அவேக்னு ஒரு டேக், அதோட மதிப்பு ஒரு தேதி, அந்த தேதி வரைக்கும் ஆட்டோமேஷன் அந்த கிளஸ்டர தொடாது. வெறும் ஆமா, இல்லன்னு வச்சா ஒருத்தர் ரிலீஸ் வாரத்துக்கு ஆமான்னு போட்டுட்டு எடுக்கவே மாட்டார், தேதின்னா தானா காலாவதி ஆயிடும். அந்த டேக்க யார் போட்டாலும் சேனல்ல ஒரு வரி வரட்டும்.

இத்தனையும் படிச்சிட்டு உங்க கிளஸ்டர் ஒரு நாளைக்கு மொத்தமே ரெண்டு மணி நேரம்தான் நிஜமா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, பேசாம ரெட்ஷிஃப்ட் சர்வர்லெஸ்ஸுக்கு போயிடுங்க, 2022 ஜூலைல எல்லாருக்கும் வந்துடுச்சு, க்வெரி ஓடுற செகண்டுக்குத்தான் கம்ப்யூட் காசு, ஒரு தடவைக்கு குறைஞ்சது 60 செகண்ட் கணக்கு, ஸ்டோரேஜ் தனி. ஆனா அங்கயும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ரிஃப்ரெஷ் ஆகுற டேஷ்போர்டு ஒண்ணு இருந்தா அது தூங்கவே தூங்காது, மாறுறதுக்கு முன்னாடி அந்த ரிஃப்ரெஷ் செட்டிங்க பாத்துக்குங்க.